கரண்டியும் மெழுகுவர்த்தியும்

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றிற் சொறிசிரங்கு கண்ட குழந்தை, இரண்டு மூன்று வாரங்களின் பின் ஒருநாட் காலை முகம் அதைத்து எழுகின்றதெனக் கொள்வோம். சிறுநீரும் கறுத்துக் காண்கின்றது. உடனே வைத்தியரின் எண்ணம் முகத்தை விட்டுச் சிறுநீரகத்தின்மேற் செல்கின்றது. முகத்தின் வீக்கத்தையும் முதுகுப்புறத்து உறுப்பையும் இணைத்தறிய மருத்துவ உலகுக்குக் கற்பித்தவர் ரிச்சர்ட் பிரைட்.

1789-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வணிகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த இவர், எடின்பரோவிற் பயின்று 1813-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1820-இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையிற் பணியேற்றார்.

உடம்பில் நீர் கோத்து வீங்குவதையே அக்காலத்தார் ஒரு தனி நோயாகக் கருதினர். அத்தகைய நோயாளர் சிலரின் சிறுநீரிற் புரதம் கலந்திருத்தலை வெல்ஸ், பிளாக்கால் என்போர் முன்னரே கண்டிருந்தனர். அதன் மூலம் யாது என்பதே விடை காணாத வினா. பிரைட் நோயாளியின் அருகிலிருந்து குறிகளை எழுதினார். அவர் இறந்தபின் உடலுறுப்புகளைச் சோதித்து, இரண்டையும் ஒப்பு நோக்கினார். சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவர்த்திச் சுடரிற் காய்ச்சுவார். அது முட்டை வெண்கருப் போல் உறைந்தால், பழுது சிறுநீரகத்தில் என ஐயுறுவார். இம்முடிவுகள் 1827-இல் நூலாக வெளிவந்தன. 1836-இல் நூறு நோயாளரின் விவரங்களை அட்டவணைப்படுத்தினார். செங்காய்ச்சலுற்ற குழந்தைக்கோ பெரியவருக்கோ இந்நோய் தொடரும் வகையையும் அங்கே விளக்கினார்.

ஆயினும், நோயை அறிந்த அவருக்கு அதனைத் தீர்க்கும் மருந்து கிட்டவில்லை. குருதி வடித்தலும் பேதி கொடுத்தலுமே அன்றைய சிகிச்சை. கண்முன்னே நோயாளர் மாண்டனர். அவரோ ஒதுங்கினாரில்லை. 1842-இல் ஆறு மாத காலம், சிறுநீரக நோயாளருக்கென்றே 42 படுக்கைகளுடன் இரு விடுதிகளை ஒதுக்கச் செய்து, அவற்றோடு ஓர் ஆய்வுகூடமும் அமைத்தார். பராமரிப்பும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன.

1858 டிசம்பர் 16-ஆம் நாள் பிரைட் மறைந்தார். செயற்கைச் சிறுநீரகம் நோயாளிக்குப் பயன்பட 1943 வரை உலகம் காத்திருந்தது. குழந்தைச் சிறுநீரக மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததும் அதன் பின்னரே.

இன்று கரண்டியின் இடத்தைச் சிறு காகிதத் துண்டு பெற்றுவிட்டது. சிரங்கின் பின் வரும் சிறுநீரக அழற்சி, தக்க பராமரிப்பிருப்பின், பெரும்பாலான குழந்தைகளுக்கு நீங்கிவிடுகின்றது. ஆனால், வகுப்பறையில் முகம் அதைத்து அமர்ந்திருக்கும் பிள்ளையை முதலிற் கவனிக்க ஒரு கண் வேண்டும். பிரைட்டின் ஆராய்ச்சியும் அவ்வாறு கவனித்ததிலிருந்தே தொடங்கியது.