துணையோட்டம்

மரதன் ஓட்டத்தைத் தனியொருவர் தவம் என்பர். அபேபே பிக்கிலாவின் வரலாற்றைப் படிக்குந்தோறும் எனக்கு அவருடைய துணைவரும் நினைவுக்கு வருகின்றார்.

1932இல் எதியோப்பியாவிற் பிறந்த பிக்கிலா, 1960இல் உரோமாபுரியில் வெறுங்காலுடன் ஓடி ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றார். குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களே கழிந்த நிலையில், 1964இல் தோக்கியோவிலும் வென்றார். பேரரசரின் மெய்காவற்படையில் அவருடன் பணியாற்றி, ஒன்னி நிஸ்கனென் என்னும் ஆசானிடம் அவருடன் பயின்றவர் மாமோ வொல்டே.

1968இல் மெக்சிக்கோவில், கால் நோவினால் ஏறத்தாழ 17ஆவது கிலோமீற்றரில் பிக்கிலா விலகினார். மாமோ தொடர்ந்தோடி வென்றார். மறு ஆண்டு மோட்டார் விபத்தொன்றினாற் பிக்கிலா நடக்கும் ஆற்றலை இழந்தார், 1973இல் மறைந்தார்.

அவர் வென்ற இடங்களை உலகம் போற்றுகின்றது. அவர் நின்ற இடத்தையும் நான் போற்றுவேன். உடன்பயின்றவர் அங்கிருந்தன்றோ ஓட்டத்தை நிறைவுசெய்தார்!