பதவி ஓர் அமானிதம்: முன்னாள் அமைச்சர் கக்கன் அவர்களின் வாழ்வு தரும் பாடம்



காஞ்சி மாநகரிலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் அமைந்துள்ளது நம் மாகறல். இதே சாலையில் மேலும் சென்றால் உத்திரமேரூரை அடையலாம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருத்தல் வேண்டும், சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும், மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்திருத்தல் கூடாது என்பன அவற்றுள் சில. அனைத்தினும் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர்.

பொதுப் பதவியும் சொந்த உறவும் ஒன்றோடொன்று கலந்தால் ஊர் கெடும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து ஊரார் உணர்ந்திருந்தனர். ஆயினும் அந்த விதிகள் நிலமும் கல்வியும் உடைய ஒரு பிரிவினரின் சபைக்கு மட்டுமே உரியவை. உழைக்கும் எளிய மக்களுக்கு அச்சபையில் இடமில்லை. அவ்வாறு இடம் மறுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, பின்னாளில் இம்மாநிலத்தின் அமைச்சராகி, கல்வெட்டு விதியினும் கடுமையான விதியைத் தமக்குத் தாமே வகுத்துக் கொண்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரில் காண்போம். அவர்தாம் கக்கன் அவர்கள்.

இளமையும் பொதுவாழ்வும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில் 1908-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் கக்கன் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் ஊர்க் கோயிலின் பூசாரி. வறுமையும் தீண்டாமையும் சேர்ந்து அழுத்திய காலம் அது. பள்ளிக் கல்வி அவர்களுக்கு எளிதாகக் கிட்டவில்லை. கற்ற கல்வியைத் தம்மோடு வைத்துக் கொள்ளாமல், தம் மக்களின் பிள்ளைகள் படிப்பதற்கு இரவுப் பள்ளிகளும் விடுதிகளும் நடத்துவதில் ஈடுபட்டார்கள். அப்பணியே அவர்களை மதுரை வைத்தியநாத ஐயரிடமும், அவர் வழியாக விடுதலை இயக்கத்திடமும் கொண்டு சேர்த்தது.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் சென்ற சிறு குழுவில் கக்கன் அவர்களும் ஒருவர். அதுவரை அக்கோயிலின் வாயில் அவர்தம் மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார்கள். அலிப்பூர்ச் சிறையிலும் அடைபட்டார்கள்.

நாடு விடுதலை பெறும் தறுவாயில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார்கள். 1952-இல் மதுரையிலிருந்து மக்களவைக்குத் தேர்வு பெற்றார்கள். காமராஜர் 1954-இல் முதலமைச்சரான பின் மாநிலக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் பொறுப்பும் கக்கன் அவர்களைத் தேடி வந்தது. 1957 ஏப்ரலில் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணி, ஆதிதிராவிடர் நலம் ஆகிய துறைகளை ஏற்றார்கள். 1962-இல் வேளாண்மைத் துறையும், பக்தவத்சலம் முதலமைச்சரான 1963 அக்டோபரில் உள்துறையும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பத்தாண்டுகள் தொடர்ந்து அமைச்சர். அணை, கால்வாய், ஏரி, சாலை, காவல்துறை என ஒப்பந்தமும் வேலைவாய்ப்பும் மிகுந்த துறைகள் அவர்தம் கையெழுத்துக்குக் காத்திருந்தன. ஒருவர் தம் சுற்றத்தாரைச் செழிக்க வைக்க இதனினும் தக்க வாய்ப்பு அமைவதரிது.

தம்பிக்கு மறுக்கப்பட்ட வேலை

அவர்கள் உள்துறையைக் கவனித்து வந்த காலத்தில் நடந்ததாக, அவரோடு பழகியோர் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவருடைய உடன்பிறந்த தம்பி காவல்துறைப் பணிக்கு விண்ணப்பித்துத் தேர்வும் பெற்றார். துறையின் உயரதிகாரி மகிழ்ச்சியோடு அமைச்சரிடம் இச்செய்தியைத் தெரிவித்தார். அமைச்சர் மகிழவில்லை. தம்பிக்கு உடற்தகுதியில் ஒரு சிறு குறை இருப்பதை எடுத்துக்காட்டி, தம் தம்பி என்பதற்காகவே அக்குறை பொறுத்துக் கொள்ளப்பட்டது என உலகம் எண்ணும் என்று கூறி, அப்பெயரை நீக்குமாறு பணித்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் இரு வகையாகப் பேசுவதுண்டு. இதுவன்றோ நேர்மை என்று வியப்பவர் ஒரு சாரார். தகுதியினால் தேர்வு பெற்றவருக்கு அண்ணன் அமைச்சர் என்பதற்காகவே வேலை மறுக்கப்படுவது எவ்வகை நீதி என்று வினவுபவர் மற்றொரு சாரார். இரண்டாவது வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அமைச்சரின் உறவினர் என்பது சலுகைக்குத் தகுதியாகாதது போன்றே, தண்டனைக்கும் காரணமாகாது. உறவினர் தொடர்பான முடிவிலிருந்து அமைச்சர் விலகி நின்று, விதிப்படி பிறர் தீர்மானிக்க விடுவதே செம்மையான முறை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அன்றைய நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்வு செய்த அதிகாரி அமைச்சருக்குக் கீழ் பணிபுரிபவர். அவர் அஞ்சியோ அன்பினாலோ ஒரு மதிப்பெண் கூட்டியிருக்கலாம். அமைச்சர் வாய் திறந்து கேளாத போதிலும் பதவி தானே பேசிவிடுகிறது. இதனைக் கக்கன் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். தவறு நேர்வதாயின் அது தம் குடும்பத்துக்கு இழப்பாக நேரட்டும், முகம் தெரியாத ஓர் ஏழையின் பிள்ளைக்கு இழப்பாக நேர வேண்டாம் என்ற பக்கத்தை அவர்கள் தேர்ந்தார்கள். அவர்தம் முடிவின் சிறப்பு இதில்தான் உள்ளது.

பதவியைப் பயன்படுத்திய விதம்

கக்கன் அவர்கள் பதவியின் பயனை எவருக்கும் அளிக்கவில்லை என்று பொருள் கொள்ளலாகாது. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்ட போது பொதுப்பணித் துறை அவர்கள் பொறுப்பில் இருந்தது. மதுரையில் வேளாண்மைக் கல்லூரி 1965-இல் தோன்றியது அவர்கள் பங்கு பெற்றிருந்த ஆட்சியிலேயாகும். லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புத் துறை 1964-இல் நிறுவப்பட்ட போது உள்துறை அமைச்சர் அவர்களே. ஆதிதிராவிட மாணவர் விடுதிகளில் அவர்கள் கொண்டிருந்த அக்கறை இளமை முதல் தொடர்ந்து வந்ததாகும்.

ஓர் அணையின் நீர் இன்னாருடைய வயல் என்று பார்த்துப் பாய்வதில்லை. ஒரு விடுதியின் கதவு அமைச்சரின் உறவினருக்கு மட்டும் திறப்பதில்லை. பதவியினால் விளையும் நன்மை பொதுவான வாய்க்கால் வழியே சென்று எல்லோர்க்கும் சேர வேண்டும் என்பதும், தனி மடையாகத் தம் தோட்டத்துக்குத் திருப்பப்படலாகாது என்பதும் அவர்கள் கடைப்பிடித்த வேறுபாடாகும்.

அவர்தம் ஆட்சிக்காலம் குறையே இல்லாதது என்று கூறுவதும் வரலாற்றுக்கு உகந்ததன்று. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். உள்துறை அமைச்சர் என்ற முறையில் அந்தப் பழியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 1967 தேர்தலில் மக்கள் தம் தீர்ப்பை அளித்தனர். நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். மேலூர் தெற்குத் தொகுதியில் கக்கன் அவர்களும் தோற்றார்கள். காஞ்சியில் பிறந்த அண்ணா அவர்கள் முதலமைச்சரானார்கள்.

பதவிக்குப் பின்

கொள்கையில் மாறுபட்டோரும் கக்கன் அவர்களின் கை தூய்மையானது என்பதில் மாறுபடவில்லை. பதவி போன பிறகுதான் அது முழுமையாக வெளிப்பட்டது. பத்தாண்டுகள் அமைச்சராயிருந்தவர் வாடகை வீட்டில் குடியேறினார்கள். அரசுக் காரில் சென்றவர் பேருந்து நிறுத்தத்தில் மற்றவர்களோடு நின்றார்கள். ஆசிரியப் பணி புரிந்த அவர்தம் துணைவியார் சொர்ணம் பார்வதி அம்மையாரும் குடும்பத்தாரும் அந்த எளிமையின் சுமையைத் தாங்கினர். பதவியில் இருப்போரின் நேர்மைக்கு விலை கொடுப்பவர் பல வேளைகளில் அவர்தம் வீட்டாரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எம்.ஜி.ஆர். அவர்கள் முதலமைச்சராயிருந்த போது, மதுரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த மதுரை முத்து அவர்களைக் காணச் சென்றார்கள். அதே மருத்துவமனையின் பொதுப் பிரிவில் முன்னாள் உள்துறை அமைச்சர் கக்கன் அவர்கள் சாதாரண நோயாளிகளோடு இருக்கும் செய்தி அங்குதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. உடனே சென்று பார்த்து மனம் கலங்கிய முதலமைச்சர், உரிய வசதிகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். பின்னர் அரசின் உதவியும் அளிக்கப்பெற்றது. ஒரு காலத்தில் தம் ஆணைக்குக் காத்திருந்த அரசு மருத்துவமனையில் தமக்கென ஒரு தனி அறையைக்கூட அவர்கள் கேட்டிருக்கவில்லை.

1981-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் கக்கன் அவர்கள் மறைந்தார்கள். 1999-இல் இந்திய அஞ்சல் துறை அவர்கள் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் அரசு மணிமண்டபமும் அமைத்துள்ளது.

நமக்குரிய பாடம்

அரசியல்வாதிகள் பதவியைச் சொந்த நலனுக்குப் பயன்படுத்துகின்றனர் என்று தேநீர்க் கடை தொடங்கித் திருமண மண்டபம் வரை நாம் குறை கூறுகிறோம். அதே நாவினால் நம் பிள்ளைக்குக் கல்லூரி இடம் வேண்டும், மருமகனுக்குப் பணிமாறுதல் வேண்டும், வரிசையை முந்திப் பட்டா வேண்டும் என்று அவர்களிடம் பரிந்துரைக் கடிதமும் கேட்கிறோம். கொடுப்பவர் ஒருவர் மட்டும் இந்தத் தவற்றைச் செய்துவிட முடியாது. கேட்பவரும் இருந்தால்தான் அது நிறைவேறும். மறுக்கும் தலைவரை நன்றி கெட்டவர் என்று தூற்றி, வளைந்து கொடுப்பவரை நம்மவர் என்று போற்றும் வரை, கக்கன்கள் தோற்றுக்கொண்டேதான் இருப்பர்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் நலம். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதியுள்ள ஒரு விதவைக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தேங்கிக் கிடக்கும் மனுவைப் பற்றி மக்கள் பிரதிநிதியிடம் முறையிடுவதும் சலுகை கோருவதாகா. அவை உரிமையை நினைவூட்டுவனவாகும். தகுதியுள்ள மற்றொருவரைப் பின்னுக்குத் தள்ளி நம்மவரை முன்னிறுத்துமாறு கேட்பதே சலுகையாகும். நாம் கேட்பது கிடைத்தால் இழப்பவர் யார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக் கொண்டால் இவ்விரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

இது அமைச்சர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. ஊராட்சி மன்ற உறுப்பினர், கூட்டுறவுச் சங்க இயக்குநர், பள்ளிவாசல் நிர்வாகி ஆகிய எவர் கையிலும் பொதுச் சொத்தின் ஒரு பகுதி அமானிதமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொதுக் கடையை வாடகைக்கு விடுவது, கல்வி உதவிக்கு மாணவரைத் தெரிவு செய்வது, ஊதியத்துக்கு ஒருவரை நியமிப்பது ஆகியவற்றில் உறவினர் பெயர் வரும் போது, சம்பந்தப்பட்டவர் அவையிலிருந்து எழுந்து வெளியே செல்லட்டும். எஞ்சியோர் தகுதி பார்த்து முடிவு செய்து, காரணத்தையும் ஏட்டில் பதியட்டும். அவ்வாறு செய்தால் தகுதியுள்ள தம்பிக்கும் அநீதி நேராது. முகம் தெரியாத ஏழையின் பிள்ளைக்கும் அநீதி நேராது.

நேர்மையாளரைப் பதவியில் அமர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடுவதுமில்லை. அவர் மறுக்கும் போது பொறுத்துக் கொள்வதும், பதவி நீங்கிய பின் அவரையும் அவர் குடும்பத்தாரையும் நலம் விசாரித்து ஆதரிப்பதும் சமுதாயத்தின் பொறுப்பாகும். முதலமைச்சர் ஒருவர் தற்செயலாக வந்து காணும் வரை கக்கன் அவர்கள் பொதுப் பிரிவில் இருந்தது அவர்களுக்குப் பெருமை. அவர்களால் பயன்பெற்ற நாட்டுக்கு அதைப் பெருமையென்று கூற முடியுமா என்பதை ஒவ்வொருவரும் சிந்தித்துப் பார்ப்போமாக!