காத்துவைத்த திகில்: வில்லியம் கெய்ன்ஸின் வாழ்வும் ஈ.சி. சித்திரக்கதை இதழ்களின் சேகரமும்

முன்னுரை

அச்சேறியவற்றுள் எவை எஞ்சுகின்றன, எவை அழிகின்றன என்பது அவற்றின் தகுதியை மட்டும் பொறுத்ததன்று. நூலகம் ஏற்காத, பள்ளி விலக்கிய, பெற்றோர் கிழித்தெறிந்த அச்சுப் பொருள்கள் பிழைத்திருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் பழக்கத்தால்தான். 1950களின் முற்பாதியில் அமெரிக்காவில் 10 சென்ட் விலைக்கு விற்ற கோதிக் திகில் சித்திரக்கதை இதழ்கள் இவ்வகையைச் சார்ந்தவை. கல்லறையும் பாழ்மாளிகையும் சதுப்புநிலத்திலிருந்து எழும் பிணமும் தீட்டப்பட்ட அவற்றின் அட்டைகள் இன்று பழைய இதழ் சேகரிப்போரால் மிகுந்த விலை கொடுத்து வாங்கப்படுகின்றன. அவற்றுள் முதலிடம் பெறுவன ஈ.சி. நிறுவனத்தின் இதழ்கள். அவற்றை வெளியிட்டவர் வில்லியம் மேக்ஸ்வெல் கெய்ன்ஸ் (1922–1992). அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தவர் என்றும், 'மேட்' என்னும் நகைச்சுவை இதழின் பதிப்பாளர் என்றும் அவர் பெரிதும் அறியப்பட்டுள்ளார். தம் இதழ்களைத் தாமே முதலில் சேகரித்தவர் அவர் என்பது இவ்விரு புகழின் பின்னே மறைந்துவிட்டது. அச்செயலை மையமாகக் கொண்டு அவர்தம் வாழ்வை நோக்குகிறது இக்கட்டுரை.

தந்தையின் தொழில்

கெய்ன்ஸ் 1922 மார்ச் 1ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அவர் தந்தை மேக்ஸ் கெய்ன்ஸ், 1930களின் தொடக்கத்தில் சித்திரக்கதை இதழ் என்னும் வடிவம் உருப்பெற்றபோது அதற்கு வழியமைத்தவர்களுள் ஒருவர். நாளிதழ்களில் வந்த தொடர்களைத் தொகுத்துத் தனி இதழாக விற்க முடியும் என்று கண்டவர். பின்னர்த் தம் பழைய நிறுவனத்தின் உரிமையை விற்றுவிட்டு, 'எஜுகேஷனல் காமிக்ஸ்' என்ற பெயரில் விவிலியக் கதைகளையும் அறிவியல், வரலாற்றுக் கதைகளையும் படங்களாக வெளியிட்டார். ஈ.சி. என்னும் சுருக்கப் பெயர் தொடக்கத்தில் கல்வியைக் குறித்தது. மகன் காலத்தில் அதே இரண்டெழுத்துகள் கேளிக்கையைக் குறிக்கலாயின. பெயர்ப்பலகையை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றிக்கொண்ட நிறுவனம் இது.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே நல்லுறவு இருக்கவில்லை. மகன் எதற்கும் உதவமாட்டான் என்பது தந்தையின் முடிவு. தந்தையின் தொழிலில் மகனுக்கும் விருப்பமில்லை. இரண்டாம் உலகப் போரில் படைப்பணி ஆற்றித் திரும்பிய கெய்ன்ஸ், வேதியியல் ஆசிரியராகும் நோக்குடன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1947 ஆகஸ்டில் லேக் பிளாசிட் ஏரியில் நேர்ந்த விசைப்படகு விபத்தில் மேக்ஸ் கெய்ன்ஸ் இறந்தார். நட்டத்தில் ஓடிய நிறுவனம், அதை விரும்பாத 25 வயது இளைஞரின் கைக்கு வந்தது. விவிலியக் கதைகளை விற்ற நிறுவனத்தின் உரிமையாளராக அவர் அமர்ந்தது தாயின் வற்புறுத்தலால்தான்.

புதிய போக்கும் எண்களின் சிக்கலும்

1948இல் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்னும் ஓவியர் நிறுவனத்திற்கு வந்தார். இருவருக்கும் சிறுவயதில் இரவில் கேட்ட வானொலித் திகில் நாடகங்கள் மீது பற்று இருந்தது. அச்சுவையை அச்சில் கொண்டுவர முடியுமா என்ற எண்ணத்திலிருந்து 1950இல் மூன்று இதழ்கள் பிறந்தன: 'த கிரிப்ட் ஆஃப் டெரர்', 'த வால்ட் ஆஃப் ஹாரர்', 'த ஹான்ட் ஆஃப் ஃபியர்'. முதலாவது மூன்று இதழ்களுக்குப் பின் 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' எனப் பெயர் மாறியது. உடல் எடையைக் குறைக்க உண்ட மாத்திரைகளால் கெய்ன்ஸுக்கு உறக்கம் கெட்டது. விழித்திருந்த இரவுகளில் கதைகளைப் படித்துக் கருக்களைக் குறித்துக்கொண்டு காலையில் ஃபெல்ட்ஸ்டைனிடம் சொல்வார். அன்றே ஒரு கதை எழுதப்படும். பேரளவில் எழுதிக் குவித்த முறை இது. கதைகள் சில ஒன்றையொன்று ஒத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

இவ்விதழ்களின் எண்களை ஆராய்வோர் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். 'வால்ட் ஆஃப் ஹாரர்' 12ஆம் எண்ணிலும், 'கிரிப்ட் ஆஃப் டெரர்' 17ஆம் எண்ணிலும் தொடங்குகின்றன. 'ஹான்ட் ஆஃப் ஃபியர்' 15, 16, 17 என வந்து, அடுத்து 4 என்று தொடர்கிறது. புதிய இதழுக்கு அஞ்சல் சலுகை பெறக் கட்டணம் செலுத்த வேண்டும். அதைத் தவிர்க்க, நின்றுபோன குற்றக்கதை இதழ்கள், குதிரைவீரர் கதை இதழ்கள் ஆகியவற்றின் எண்களைப் புதிய பெயர்களோடு தொடர்ந்தார் கெய்ன்ஸ். அஞ்சல் துறை இதை ஏற்காதபோது எண்கள் திருத்தப்பட்டன. 'ஹான்ட் ஆஃப் ஃபியர்' 1, 2, 3ஆம் எண் இதழ்களைத் தேடி அலைந்த தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள், இல்லாத நூலைத் தேடியவர்களே. சுவடிப் பதிப்பில் ஏடு விடுபட்டதா, ஏட்டெண் பிழையா என்று ஆராய்வதைப் போன்றதே இதுவும். மூன்று தலைப்புகளிலும் சேர்த்து வெளிவந்தவை முறையே 30, 29, 28 என 87 இதழ்கள். முழுச் சேகரம் என்று சொல்வதற்கு இந்த 87 இருந்தால் போதும்.

அட்டைகள்

விற்பனைக் கம்பித் தட்டில் நூற்றுக்கணக்கான இதழ்களுக்கு நடுவே நின்று சிறுவனின் கண்ணைப் பிடிக்க வேண்டியது அட்டையின் வேலை. உட்தாள்கள் மலிவான செய்தித்தாள் காகிதம். அட்டை மட்டும் வழவழப்பான தடித்த தாள். ஈ.சி. இதழ்களின் அட்டைகளுக்கு நிலையான ஓர் அமைப்பு உருவாயிற்று. மேலே தலைப்பு, இடப்பக்கத்தில் கதை சொல்லிகளாகிய மூவரின் வட்ட முகங்கள், எஞ்சிய இடம் முழுதும் ஒரே காட்சி. கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழச் சூனியக்காரி ஆகிய அம்மூவரும் கொடூரத்தைச் சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்பவர்கள்.

ஒவ்வோர் இதழின் அட்டைக்கும் ஓர் ஓவியர் நிலைபெற்றார். ஜானி கிரெய்க் 'வால்ட் ஆஃப் ஹாரர்' அட்டைகளைத் தீட்டினார். அவருடைய கோடுகள் தூய்மையானவை. கொடுஞ்செயல் நிகழ்வதற்கு ஒரு கணம் முன்னதாகவே காட்சியை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' இதழின் பிற்கால அட்டைகள் ஜாக் டேவிஸுடையவை. அவருடைய பிணங்களிலும் ஒரு நாட்டுப்புற நகைப்பு உண்டு. 'ஹான்ட் ஆஃப் ஃபியர்' அட்டைகளைத் தொடர்ந்து வரைந்த கிரகாம் இங்கெல்ஸ் இம்மூவருள் முற்றிலும் வேறானவர். அழுகித் தொங்கும் தசை, எச்சில் நூல் படர்ந்த வாய், சாய்ந்த சுவர், ஈரம் கசியும் மண் என அவருடைய கோட்டில் நேர்கோடே இல்லை. கோதிக் மரபின் சிதைவை முழுமையாகக் கைவரப்பெற்றவர் அவரே எனலாம். 'காஸ்ட்லி', அதாவது கோரமானவன், என்னும் பொருள்பட அவர் கையொப்பமிட்டார்.

1954

சித்திரக்கதை இதழ்களைக் குவித்து எரிக்கும் நிகழ்ச்சிகள் 1948இலேயே அமெரிக்க ஊர்களில் நடந்தன. இளங்குற்றவாளிகள் பெருகுவதற்கு இவ்விதழ்களே காரணம் என வாதிட்ட மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தமின் நூல் 1954இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நியூயார்க்கில் கூடிய செனட் துணைக்குழுவின் முன் கெய்ன்ஸ் தாமே விரும்பிச் சென்று சாட்சியம் அளித்தார். தம் வெளியீடுகளுக்குத் தம்முடைய நல்ல ரசனையே எல்லை என்றார். செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர், 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழின் அட்டையை எடுத்துக் காட்டினார். கிரெய்க் வரைந்த அவ்வட்டையில் ஒருவன் ஒரு கையில் கோடரியும், மறுகையில் வெட்டுண்ட பெண் தலையும் ஏந்தி நிற்கிறான். இது நல்ல ரசனையா என்ற வினாவிற்குத் திகில் இதழின் அட்டை என்ற அளவில் ஆம் என்று விடையளித்தார் கெய்ன்ஸ். தலையைச் சற்று உயர்த்திக் கழுத்திலிருந்து குருதி சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் அது தீய ரசனை ஆகியிருக்கும் என்றும் விளக்கினார். தொழில்முறையில் நோக்கினால் அது நேர்மையான விடை. அட்டை வரைவோர் நாள்தோறும் எடுக்கும் முடிவு அத்தகையதே. ஆயினும் அது அவையறிந்து கூறிய விடையன்று. மறுநாள் செய்தித்தாள்களில் அந்தத் தலையே பேச்சாயிற்று. மாத்திரையின் வீறு நடுவில் தணிந்து சோர்வுற்றதாகக் கெய்ன்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

அவ்வாண்டிலேயே பதிப்பாளர்கள் கூடி ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்றனர். இதழ்த் தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' ஆகிய சொற்களுக்கு அதில் இடமில்லை. முத்திரை பெறாத இதழ்களை விற்பனையாளர்கள் கட்டைக்கூட அவிழ்க்காமல் திருப்பி அனுப்பினர். மூன்று திகில் இதழ்களும் 1954–55 குளிர்காலத்தோடு முடிந்தன. கடைசியாக வந்த 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' 46ஆம் இதழ், உண்மையில் நான்காவதாகத் தொடங்கவிருந்த ஒரு திகில் இதழின் முதல் எண்ணாக ஆயத்தம் செய்யப்பட்டதாகும். பிறக்கவிருந்த இதழின் உள்ளீடு, இறந்துகொண்டிருந்த இதழின் பெயரில் வெளிவந்தது. அடுத்துத் தொடங்கிய மென்மையான இதழ்கள் விற்கவில்லை. ஹார்வி கர்ட்ஸ்மன் உருவாக்கிய 'மேட்' ஒன்றே எஞ்சியது. 1955இல் அது பெரிய அளவு இதழாக மாறித் தணிக்கை விதிகளுக்கு வெளியே நின்றது. கெய்ன்ஸைச் செல்வராக்கியதும் அதுவே.

வெர்தமின் நூல் அடைந்த கதி தனியே குறிப்பிடத்தக்கது. அதில் பழித்துரைக்கப்பட்ட இதழ்களுக்கு இன்றைய விலைப்பட்டியல்களில் கூடுதல் மதிப்பு உண்டு. அந்நூலின் முதற்பதிப்பிலும், பதிப்பாளர் பெயர்கள் அடங்கிய நூலடைவுப் பக்கங்கள் வெட்டப்படாமல் இருக்கும் படிகளையே சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர்.

பொதிகள்

இதழ்கள் விற்ற காலத்திலேயே கெய்ன்ஸ் செய்துவந்த மற்றொரு வேலை எவர் கண்ணிலும் படவில்லை. அச்சகத்திலிருந்து வந்த ஒவ்வோர் இதழிலும் ஏறத்தாழ 12 படிகளைப் படிக்காமல், புரட்டாமல் எடுத்துப் பொதியாகக் கட்டி ஒதுக்கிவைத்தார். பழைய சித்திரக்கதைக்கு விலைப்பட்டியல் நூல் என ஒன்று வெளிவந்தது 1970இல்தான். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே இப்பணி தொடங்கியதால், பின்னாளில் விற்கலாம் என்னும் கணக்கு இதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் இயல்பே சேர்த்துவைப்பது. சுதந்திரச் சிலையின் சிறு வடிவங்கள், வான்கப்பல் மாதிரிகள், திராட்சை மது ஆகியவற்றையும் அவர் சேர்த்தார். ஊழியர்களின் தொலைபேசிச் செலவை எண்ணிப் பார்த்தவர், அவர்களைத் தம் செலவில் வெளிநாடுகளுக்கு அழைத்துச் சென்றவரும் ஆவார்.

இப்பழக்கத்தின் மதிப்பை உணரக் காகிதத்தின் தன்மையை அறிய வேண்டும். மரக்கூழில் லிக்னின் நீக்கப்படாத மலிவான தாள், ஒளியும் காற்றும் பட்டால் அமிலத்தன்மை மிகுந்து பழுத்து நொறுங்கும். கம்பித் தையல் துருப்பிடித்து அட்டை கழன்றுவிடும். சிறுவர் கைமாற்றிப் படித்த படிகள் பலவும் இவ்வாறே கெட்டன. கெய்ன்ஸின் பொதிகளில் இருந்தவை ஒளி படாமல், அழுத்தம் குலையாமல் இருந்ததால் தாள் வெண்மையும் அட்டை வண்ணமும் மங்கவில்லை.

அச்சுப் படிகளோடு மூல ஓவியங்களையும் அவர் விடாமல் வைத்திருந்தார். அச்சேறியபின் மூல ஓவியத்தை அழிப்பதோ எறிவதோ அக்காலப் பதிப்பகங்களுக்குப் புதிதன்று. ஈ.சி.யின் ஓவியங்கள் பெரும்பாலும் முழுமையாக எஞ்சியதற்குக் கெய்ன்ஸே காரணம். 1970களின் இறுதியில் ரஸ் காக்ரன் என்னும் பதிப்பாளர் அவ்வோவியங்களிலிருந்து நேரடியாகப் படியெடுத்து ஈ.சி. இதழ்கள் அனைத்தையும் கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். மங்கிய அச்சுப் படியிலிருந்து மறுபதிப்புச் செய்தவற்றையும் இவற்றையும் ஒப்பிட்டால், இங்கெல்ஸின் மெல்லிய கோடுகள் எவ்வளவு அச்சில் தொலைந்துபோயின என்பது விளங்கும்.

ஆயினும் இக்காப்பில் ஒரு குறை உண்டு. அவ்வோவியங்களைக் கெய்ன்ஸ் காத்தது அவை நிறுவனத்தின் உடைமை என்பதால். பக்கக் கூலி பெற்ற ஓவியர்க்கு அவற்றின்மீது உரிமை இல்லை. காக்ரன் வழியே ஓவியங்கள் ஏலத்தில் விற்கப்பட்டபோது கெய்ன்ஸ் தொகையில் ஒரு பங்கை ஓவியர்களுக்கு அளித்தார். கட்டாயமின்றிக் கொடுத்தது என்பதால் அது பாராட்டத்தக்கது. கொடுத்தது பங்குதான் என்பதும் மறக்கத்தக்கதன்று. கெய்ன்ஸ் கைவிட்டிருந்தால் ஓவியம் இல்லை. அவர் திருப்பித் தந்திருந்தால் அது ஓவியர் வீட்டில் எஞ்சியிருக்குமா என்பதற்கு உறுதியில்லை. இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டியுள்ளது.

இங்கெல்ஸ் இதில் தனித்து நிற்கிறார். ஈ.சி. மூடியபின் அவர் அத்துறையை விட்டு விலகி, ஃபுளோரிடாவில் ஓவிய ஆசிரியராக வாழ்ந்தார். பழைய படைப்புகளைப் பற்றிப் பேச மறுத்தார். சேகரிப்பாளர்களின் கடிதங்களை ஏற்கவில்லை. 1972இல் நியூயார்க்கில் ஈ.சி. அன்பர்கள் மாநாடு கூட்டிக் கெய்ன்ஸையும் ஓவியர்களையும் கொண்டாடியபோதும் அவர் வரவில்லை. வாழ்வின் கடைசி ஆண்டுகளில்தான் மனம் இளகிச் சேகரிப்பாளர்க்காகக் கிழச் சூனியக்காரியைத் தைலவண்ணத்தில் மீண்டும் தீட்டினார். 1991இல் இறந்தார்.

கெய்ன்ஸ் தம் பொதிகளை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காக்ரன் வழியே விற்பனைக்கு விட்டார். ஒவ்வொரு படியுடனும் அது அவருடைய சேகரத்தைச் சார்ந்தது என்னும் சான்றிதழ் அளிக்கப்பட்டது. 40 ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தவை நாடெங்கும் சிதறின. 1992 ஜூன் 3ஆம் நாள் கெய்ன்ஸ் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்னும் தரமிடும் நிறுவனம் இப்படிகளுக்கு 10 புள்ளி அளவில் மதிப்பெண் இட்டு, கெய்ன்ஸ் பெயரை மேற்சீட்டில் பொறித்து, தெளிவான கெட்டி நெகிழிப் பேழையில் மூடி முத்திரையிடுகிறது. பேழையைத் திறந்தால் அந்த மதிப்பெண் செல்லாது. ஆதலால் அவற்றை வைத்திருப்போர் கதையைப் படிப்பதில்லை. வெளியே தெரிவது முன்னட்டையும் பின்னட்டையும் மட்டுமே.