வெப்பத்தை இடம்பெயர்த்த கடிகாரக் கைவினைஞர்

கல்லூரிப் பட்டம் பெற்றோரே அறிவியலுக்கு உரியர் எனக் கருதுவார்க்கு ஜான் சார்ள் அத்தனாஸ் பெல்ற்றியரின் வாழ்வு தக்க விடையாகும். 1785 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் வடபுலத்துச் சிற்றூரொன்றில் எளிய குடியிற் பிறந்த அவர், இளமையிலேயே கடிகாரத் தொழில் பயின்று, பின்னர்ப் பாரிசு மாநகரில் அத்தொழிலால் வாழ்ந்தார். நுண்ணிய சக்கரங்களோடு பழகிய கண்ணும் கையுமே அவர் தேடிய முதற் செல்வம். முப்பதாம் வயதளவில், மனைவி வழி வந்த சொத்து பிழைப்புக் கவலையை நீக்கவே, கடையை விடுத்து ஆராய்ச்சியிற் புகுந்தார். பொருள் வந்தபின் ஓய்வை நாடுவோர் பலர். அவரோ உழைப்பை நாடினார்.

இருவேறு உலோகங்களைப் பொருத்திய சந்திகளுள் ஒன்றைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்தவூசி அசைதலைச் சீபெக் என்னும் அறிஞர் 1821 இல் கண்டிருந்தார். வெப்பத்தால் மின்னோட்டம் பிறந்ததே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1834 இல் பெல்ற்றியர் எதிர்வழியிற் சென்றார். பிசுமத்தும் அந்திமனியும் பொருந்திய சந்தியில் மின்னோட்டத்தைச் செலுத்தி வெப்பநிலையை அளந்தார். ஒரு திசையிற் செலுத்தச் சந்தி சூடேறிற்று. திசையை மாற்றக் குளிர்ந்தது. மின்சாரம் பாயும் கம்பி எத்திசையிலும் சூடாதலே இயல்பு, குளிர்தலோ புதுமை. தாம் கண்டதன் முழுப்பொருளை அவர் உணர்ந்திலர். 1838 இல் பீற்றர்சுபேர்க் நகரத்து அறிஞர் இலென்சு, அத்தகைய சந்தியில் நீர்த்துளியை உறையவைத்து, ஓட்டத்தைத் திருப்பி மீண்டும் உருக்கிக் காட்டினார். வளிமண்டல மின்சாரத்தையும் ஆராய்ந்த பெல்ற்றியர் 1845 இல் மறைந்தார்.

உலோகங்களில் இவ்விளைவு மிகச் சிறிது. ஆதலின் நூறாண்டுக்கு மேலாக அஃது ஆய்வுகூட விந்தையாகவே கிடந்தது. 1950களில் பிசுமத்துத் தெலூரைடு போன்ற குறைகடத்திகள் வந்தபின்னரே, உள்ளங்கையில் அடங்கும் பயன்மிக்க தகடுகள் இயன்றன. சுழலும் உறுப்பு அவற்றுள் இல்லை, ஓசையும் இல்லை.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நண்பகலிலே லயத்தின் தகரக் கூரை கனலும். மழைக்கால இரவிலே ஈரக்குளிர் புகும். இத்தகடுகளால் லயக் காம்பராவைப் பகலிற் குளிர்வித்து இரவிற் சூடேற்றலாகாதோ என என் மாணவர் வினவியதுண்டு. கொள்கையளவில் ஆகும், ஓட்டத்தைத் திருப்பினாற் போதும். ஆயினும் தகடு வெப்பத்தை அழிப்பதில்லை; இடம்பெயர்க்கிறது. அறையிற் கவர்ந்த வெப்பத்தோடு, தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் அது வெளியே தள்ளுதல் வேண்டும். அதே மின்சாரத்தைக் கொண்டு, அமுக்கியுடைய சாதாரணக் குளிரூட்டி மிகுந்த குளிர்ச்சி தரும். நாட்சம்பளத்தில் மின்கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆதலின் அம்மாணவர்க்கு நான் கூறுவது இதுவே: லயத்துக்கு முதலில் வேண்டுவன தகரத்தின் கீழே நல்ல உட்கூரையும், காற்று வந்துபோகச் சாளரங்களும். தகட்டுக்கு ஏற்ற இடம், நீரிழிவு நோயாளியின் இன்சுலினைக் காக்கும் சிறு பெட்டி. மருத்துவமனைக்கு நெடுவழி நடக்கும் தோட்டத்து மூதாட்டிக்கு அதுவே பேருதவியாகலாம். அப்பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் பெல்ற்றியரின் பெயரையும் அறிந்திருத்தல் நன்று.