தன்னைத் தானே படைக்கும் இயந்திரம்: ஜான் வான் நியூமன்

விண்மீன்களை ஆராய எத்தனை விண்கலங்கள் வேண்டும்? நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அத்தனைக்கும் கலம் செய்ய மனிதனால் ஆகுமா? இக்கேள்விக்கு விடையாகும் கருத்தை விதைத்தவர், விண்வெளிப் பயணத்தை மனத்தில் கொள்ளாத ஒரு கணித மேதை.

ஜான் வான் நியூமன் 1903-ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், ஒரு யூத வங்கியாளரின் மகனாகப் பிறந்தார். கணிதம் சோறு போடாது என அஞ்சிய தந்தைக்காக வேதியியல் பொறியியலையும், தம் விருப்பத்திற்காகக் கணிதத்தையும் ஒருசேரப் படித்து, 1926-இல் இரண்டிலும் பட்டம் பெற்றார். 1930-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்றார். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றினார். இன்றைய கணினிகளின் அடிப்படை அமைப்பை 1945-இல் எழுதினார்.

அழிக்கும் கருவிக்குத் துணைநின்ற அதே அறிவு, பின்னர் பெருகும் கருவியைப் பற்றிச் சிந்தித்தது. ஓர் இயந்திரம் தன்னைப் போன்ற இன்னொன்றைச் செய்ய முடியுமா? முடியும் என 1948-இல் அவர் விளக்கினார். அதற்கு ஒரு வரைபடம் தேவை. இயந்திரம் அதைப் படித்துப் புதிய உடலைக் கட்ட வேண்டும். பிறகு அதை அப்படியே படியெடுத்துப் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடம் இல்லாத பிள்ளை மலடாகிவிடும். 1953-இல் டி.என்.ஏ.வின் வடிவம் தெரியவந்தது. உயிரணுக்களும் இதே வழியில்தான் பெருகுகின்றன என்பது அதன்பின் படிப்படியாகத் தெளிவாயிற்று.

இக்கருத்தை முழு நூலாக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. புற்றுநோயால் 1957 பிப்ரவரி 8-ஆம் நாள், 53 வயதில் மறைந்தார். பாதியில் நின்ற கையெழுத்துப் படியை ஆர்தர் பர்க்ஸ் நிறைவு செய்து 1966-இல் வெளியிட்டார்.

1980-இல் ஃபிராங்க் டிப்ளர், ராபர்ட் ஃபிரெய்டாஸ் போன்றோர் அக்கருத்தை விண்ணுக்குக் கொண்டுசென்றனர். ஒரு கலம் வேற்று உலகின் கனிமங்களைக் கொண்டு தன் பிரதியைச் செய்தால், ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு 37 முறை இரட்டித்தாலே எண்ணிக்கை 13,700 கோடியைத் தாண்டும்! எடை குறைந்தால் செலுத்தும் ஆற்றலும் குறையும் என்பதால், அவற்றை நுண்ணிய ரோபோக்களாக அமைக்கலாம் என்பாரும் உண்டு.

அப்படியொரு கலம் இதுவரை பிறக்கவில்லை. ஆயினும் அறிவியலார் அதற்கு வான் நியூமன் கலம் என்றே பெயரிட்டுவிட்டனர். நண்பர்களே, அவர் விட்டுச் சென்றதும் ஒரு வரைபடமே. அதைப் படிப்பதோடு நில்லாமல் அடுத்த கைக்குக் கொடுத்தவர்களால்தான் அது இன்றும் உயிரோடிருக்கிறது.