நடுவுநிலை காத்த அறிஞர்

காஞ்சி மாநகருக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துத் திருப்புட்குழி என்னும் ஊர் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் யாதவப் பிரகாசர் என்னும் பேராசிரியரிடம் இளைஞராகிய இராமாநுசர் வேதாந்தம் பயின்றார் என்பர். ஆசிரியர் உரைத்த பொருள் பொருந்தாது எனத் தோன்றியபோது, மாணவர் தம் கருத்தைப் பணிவுடன் எடுத்துரைத்தார். ஆசிரியரோ சினங்கொண்டார். இறுதியில் இருவரும் பிரிய நேர்ந்தது. சொன்னவரின் பெருமை சிறுமைகளை நோக்காது, சொல்லப்பட்ட பொருளை மட்டும் ஆராய்ந்து கூறப் பொதுவான ஒருவர் அங்கு இல்லை. அறிவுலகில் இக்குறை மிகப் பழமையானது. இதனைப் போக்க இக்கால அறிவியல் கண்ட முறையையும், அம்முறையைச் செம்மையுற நடத்திய தமிழர் ஒருவரின் வாழ்வையும் இப்பாடத்தில் காண்போம்.

அவர்தாம் வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வேக் கணக்குத் துறையில் பணியாற்றியவர். அன்னையார் சீதாலட்சுமி நூற்பயிற்சி மிக்கவர். புகழ்பெற்ற சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா ஆவார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் கல்வி பயின்றார்.

1930-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில், மேற்படிப்பை நாடி அவர் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. கடற்பயணத்தின்போதே அவர் உள்ளம் விண்மீன்களின் முடிவைப் பற்றிய கணக்கில் ஈடுபட்டிருந்தது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குள்ளன் எனப்படும் சிறிய அடர்ந்த மீனாக மாறி ஓய்வு பெறும் என்று அக்கால அறிஞர் கருதினர். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை உடைய மீன் அவ்வாறு ஓய்வுபெற இயலாது. அது மேலும் மேலும் சுருங்க வேண்டியதே என்பது சந்திரசேகர் கண்ட முடிவு.

இம்முடிவைக் கேம்பிரிட்சில் மேலும் விரித்து ஆராய்ந்து, 1935-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11-ஆம் நாள் இலண்டனில் இராயல் வானியற் கழகத்தின் கூட்டத்தில் அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்து வானியலாருள் தலைசிறந்த எடிங்டன். விண்மீன் இவ்வளவு அறிவுக்கொவ்வா வகையில் நடந்துகொள்ளாதபடி இயற்கையிலேயே ஒரு விதி இருத்தல் வேண்டும் என்று கூறி, அவர் அக்கொள்கையை எள்ளி நகையாடினார். அவையோர் சிரித்தனர். மறுமொழி கூற இளைஞருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. சந்திரசேகரின் கணக்கே சரியானது என்று உணர்ந்த பெரியோர் சிலர், அதனைத் தனியே ஒப்புக்கொண்டனரேயன்றி வெளிப்படையாகக் கூற முன்வரவில்லை. புகழின் முன் சான்று தோற்று நின்றது.

இந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை வருத்தியது. எனினும் கசப்பாக மாறவில்லை. எடிங்டனிடம் கொண்ட மதிப்பை அவர் இறுதிவரை கைவிடவில்லை. 1937-இல் அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலொன்றை 1939-இல் வெளியிட்டபின், வேறு துறைகளை நோக்கித் தம் ஆராய்ச்சியைத் திருப்பினார்.

1952-ஆம் ஆண்டில் வானியற்பியல் இதழின் ஆசிரியப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1895-இல் தொடங்கப்பெற்ற அவ்விதழ் வானியலாரின் பெருமதிப்பைப் பெற்றது. முன்பு தீர்ப்புக்குக் காத்து நின்றவர், இப்போது தீர்ப்பு வழங்கும் இடத்தில் அமர்ந்தார்.

ஆய்விதழில் கட்டுரை அச்சேறும் முறை யாதெனில், ஆய்வாளர் தம் கட்டுரையை முதலில் ஆசிரியருக்கு அனுப்புவார். ஆசிரியர் அதனைப் படித்து, அத்துறையில் வல்லவராகிய வேறோர் அறிஞரின் மதிப்பீட்டுக்கு விடுப்பார். மதிப்பிடுவோரின் பெயர் பெரும்பாலும் எழுதியவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. அஞ்சாமலும் முகம் பாராமலும் அவர் கருத்துரைத்தற்கே இந்த ஏற்பாடு. கணக்கில் பிழை உளதா, சான்றுகள் போதுமா, முன்னோர் கண்டதையே மீண்டும் கூறுகின்றதா என்பனவற்றை அவர் ஆராய்ந்து எழுதுவார். அக்குறிப்பைக் கண்டு ஆய்வாளர் திருத்துவார். அன்றி, தம் பக்கத்து நியாயத்தை விளக்குவார். ஏற்பதும் மறுப்பதும் முடிவில் ஆசிரியரின் பொறுப்பு. மதிப்பீட்டாளரும் மனிதரே, புதுமையைக் கண்டு மருளவும் கூடும். ஆதலின் ஆசிரியரின் நடுவுநிலையே இம்முறைக்கு உயிர்நிலை ஆகும்.

அந்நடுவுநிலைக்குச் சோதனை ஒன்று வந்தது. சிக்காகோவில் பணியாற்றிய யூசீன் பார்க்கர் என்னும் இளம் அறிஞர் ஒரு கட்டுரை அனுப்பினார். கதிரவனிடமிருந்து மின்னூட்டத் துகள்கள் ஓயாது பெருங்காற்றென எல்லாத் திசைகளிலும் வீசுகின்றன என்று அவர் கணக்கிட்டிருந்தார். வால்மீனின் வால் எப்போதும் கதிரவனுக்கு எதிர்ப்புறம் நோக்குவதும் இதற்குச் சான்றாயிற்று. மதிப்பிட்ட அறிஞர் இருவரும் அதனை அடியோடு மறுத்தனர். நூலகம் சென்று இத்துறையைக் கற்ற பின் எழுதுமாறு ஒருவர் இடித்துரைத்தார். சந்திரசேகருக்கும் அக்கருத்து உவப்பாக இல்லை. ஆயினும், மறுத்தோர் இருவரும் கணக்கில் ஒரு பிழையேனும் சுட்டிக் காட்டவில்லை என்பதை அவர் கண்டார். பிழை காட்டாத மறுப்பு மறுப்பாகாது எனத் தெளிந்து, 1958-ஆம் ஆண்டில் அக்கட்டுரையை வெளியிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1962-இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம் அக்காற்று இடைவிடாது வீசுவதை அளந்து காட்டியது. 2018-இல் கதிரவனை ஆராயப் புறப்பட்ட விண்கலம் பார்க்கரின் பெயரைத் தாங்கியது. தமக்கு ஒவ்வாத கருத்துக்கும் நீதி வழங்கிய ஆசிரியர் ஒருவர் இராவிடில், அவ்வுண்மை அச்சேறுவதற்கே இன்னும் எத்தனை காலம் காத்திருக்க நேர்ந்திருக்குமோ!

1971 வரை, 19 ஆண்டுகள் சந்திரசேகர் அப்பணியை ஆற்றினார். ஆண்டுக்கு 6 முறை வெளிவந்த இதழ் 24 முறை வெளிவரும் அளவுக்கு வளர்ந்தது. விண்மீன் ஆராய்ச்சிக்காக 1983-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இளமையில் எள்ளப்பட்ட அந்த எல்லை, இன்று சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகின்றது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர் ஆய்வகம் சந்திரா என்னும் அவர் பெயரைத் தாங்கியது.

மாணவர்களே! தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பிறர்க்கு இழைப்பவர் உலகில் பலர். தாம் பெறாத நீதியைப் பிறர்க்கு வழங்குபவர் சிலரே. அச்சிலருள் ஒருவராக விளங்கியமையே சந்திரசேகரின் தனிச்சிறப்பு. ஒருவர் கூற்றை மறுக்க விரும்பும்போது, அது எங்கே பிழைபடுகின்றது என்று காட்ட முடியுமா என முதலில் நம்மையே வினவிக்கொள்ள அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.