சிங்கப் பாட்டைப் பாடிய சாலமன் லிண்டா



சென்ற கிறிஸ்துமஸ் விழாவில் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு, தூங்கும் சிங்கத்தைப் பற்றிய ஆங்கிலப் பாட்டுக்கு ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒத்திகையின்போது, இது யாருடைய பாட்டு என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் 'லயன் கிங்' என்றார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்து பல வருஷம் ஆகும்வரை எனக்கும் தெரியாது. அது நாம் குடியிருக்கும் இதே ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பாட்டு.

பாடியவர் பெயர் சாலமன் லிண்டா. நம் வேதாகமத்தில் வரும் சாலொமோன் ராஜாவின் பெயர்தான்; அந்த ராஜாவிடம் இருந்த பொன்னில் ஒரு குன்றிமணிகூட இவருக்கு வாய்க்கவில்லை. 1909-இல் நேட்டாலில், ம்சிங்கா என்ற ஜூலு மக்களின் பகுதியில் பிறந்தார். சிறுவனாக மாடு மேய்த்தார், மிஷன் பள்ளியில் படித்தார். அங்கே கேட்ட கூட்டுப் பாடலும், கல்யாண வீடுகளில் பாடும் ஜூலு பாட்டும் அவருக்குள் ஒன்றாகக் கலந்தன.

1931-இல் பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தார். அந்நாட்களில் கறுப்பின ஆண்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து, ஹாஸ்டல்களில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். சனிக்கிழமை இரவு வந்தால் பாட்டுப் போட்டி. நம் ஊர்த் தெருக்கூத்து மாதிரி விடிய விடிய நடக்கும். வாத்தியம் எதுவும் கிடையாது, குரல் மட்டும்தான். பாரபட்சம் வரக்கூடாது என்று, எந்தக் குழுவையும் அறியாத வெள்ளைக்காரர் ஒருவரைத் தெருவிலிருந்து அழைத்துவந்து நடுவராக உட்கார வைப்பதும் உண்டாம்! இந்தக் கலைக்கு இன்று இசிகத்தமியா என்று பெயர். நடுவில் நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஜூலு சகோதரிகள் நான் சொல்வதைக் கேட்டு இன்னும் சிரிக்கிறார்கள். ஓசைப்படாமல் அடி வைப்பது என்பது அதன் பொருள்.

லிண்டாவின் குழு 'ஈவினிங் பேர்ட்ஸ்'. கோடு போட்ட சூட்டும் தொப்பியும் பளபளக்கும் சப்பாத்துமாக வந்து நிற்பார்கள். கீழ்க்குரலுக்கு ஒருவருக்குப் பதில் பலரை நிறுத்தி, அதன்மேல் தம் குரலைப் பெண்குரல்போல் உயர்த்திப் பாடினார் அவர். 1939-இல் கேலோ கம்பெனியின் ஸ்டூடியோவில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். ஜூலுவில் சிங்கம் என்று அர்த்தம். மூன்றாவது முறை பாடும்போது, முடிவில், யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு மெட்டு அவர் தொண்டையிலிருந்து வந்தது. உலகமே இன்று முணுமுணுப்பது அந்தச் சில விநாடிகளைத்தான்.

இசைத்தட்டு ஒரு லட்சம் அளவுக்கு விற்றது. இப்படிப் பாடும் முறைக்கே ம்பூபே என்று பெயர் வந்தது. ஆனால் பாட்டின் உரிமைக்கு லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அதே கம்பெனியில் இசைத்தட்டுகளைக் கட்டி அடுக்கும் வேலையும் பார்த்தார். தன் பாட்டைத் தானே பொட்டலம் கட்டிய நாளும் இருந்திருக்கும்.

தட்டு அமெரிக்காவுக்குப் போயிற்று. பீட் சீகர் என்ற பாடகருக்கு ஜூலு வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை. 1952-இல் 'வீவர்ஸ்' குழுவின் பாட்டாக அது 'விமோவே' என்ற பெயரில் வந்தது. 1961-இல் ஆங்கில வரிகள் சேர்த்து 'டோக்கன்ஸ்' குழு பாடியது அங்கே முதலிடம் பிடித்தது. 1994-இல் 'லயன் கிங்'. சீகர் தம் பங்குக்கு ஆயிரம் டாலர் அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றபடி காசு கைமாறியது வேறு ஆட்களுக்குள்.

1959-இல் லிண்டா மேடையிலேயே மயங்கி விழுந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டிருந்தன. இன்று எங்கள் வார்டில் இப்படிப்பட்டவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அன்றைக்கு சொவேட்டோவில் வாழ்ந்த ஏழைக்கு அது எட்டாத ஒன்று. 1962-இல் இறந்துபோனார். சாணம் மெழுகிய தரையுள்ள வீடும் பசித்த பிள்ளைகளும்தான் மிச்சம். கல்லறைக்கு ஒரு கல் வைக்கவே 18 ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்தின் பழைய சட்டம் ஒன்று இந்த நாட்டிலும் செல்லுபடியாக இருந்தது. பாட்டை எழுதியவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தால் உரிமை வாரிசுகளிடம் திரும்பிவிடும் என்பது அது. அதைப் பிடித்துக்கொண்டு லிண்டாவின் பெண்மக்களுக்காக 2004-இல் வழக்குப் போட்டார்கள். 2006-இல் சமரசம் ஆயிற்று. பழைய பாக்கியும் இனி வரும் பங்கும் குடும்பத்துக்குக் கிடைக்க வழி பிறந்தது. அந்த ஆங்கிலப் பாட்டை இயற்றியவர்களில் ஒருவர் சாலமன் லிண்டா என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்த ஆண்டு விழாவிலும் பிள்ளைகள் அதே பாட்டுக்கு ஆடப்போகிறார்கள். நிகழ்ச்சிநிரலில் பாட்டுக்கு எதிரே அவர் பெயரையும் அச்சடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.